சாணைக்கல் தெரிவும் குருந்தம் என்னும் சொல்லும்

கருவிகளின் வரலாற்றை எழுதுவோர் வாளையும் வேலையும் ஏரின் கொழுவையும் பற்றி விரிவாக எழுதுவர். அவற்றைக் கூராக்கிய கல்லைப் பற்றி எழுதுவோர் அரியர். வாளுக்கு அரசனும் புலவனும் உண்டு. கல்லுக்கு உரியவன் கொல்லனும் சாணைக்காரனுமே. அதனாற்போலும், கல் இலக்கிய வரலாற்றிலும் இடம்பெறாது போயிற்று. ஆயினும், கூர் மழுங்கிய வாள் வெறும் இரும்புத் துண்டே. அதனை மீண்டும் வாளாக்குவது கல்லே. கத்திக்கு ஏற்ற கல்லைத் தமிழ் நிலத்துத் தொழிலாளர் எவ்வாறு தெரிந்தனர் என்பதும், அத்தெரிவில் வழங்கிய குருந்தம் என்னும் பெயர் எவ்வாறு உலக மொழிகளிற் புகுந்தது என்பதும் ஈண்டு ஆராயப்படும்.

கூராக்கற் சொற்கள்

கூராக்குதலைக் குறிக்கத் தமிழில் வடித்தல், தீட்டல், சாணை பிடித்தல் என்னும் மூன்று வழக்குகள் சிறப்பாக உள்ளன. மூன்றும் ஒருபொருள் குறித்தன போலத் தோன்றினும், நுணுகி நோக்குவார்க்கு வேறுபாடு புலனாகும்.

வடித்தல் உலைக்களத்து வினை. இரும்பைக் காய்ச்சி அடித்து நீட்டி, வடிவத்தையும் கூரையும் ஒருங்கே தருதல் அதன் பொருள். புறநானூற்று 312ஆம் பாட்டில் பொன்முடியார் வேலைச் செய்து தருதல் கொல்லனின் கடமை என்று கூறுமிடத்து ஆளும் வினை இதுவே. தீட்டல் என்பது கருவி உருவான பின்னர் அதனை ஒன்றன்மேல் தேய்த்துக் கூராக்குதல். அரிசியைத் தீட்டுதல், ஓவியம் தீட்டுதல் என்னும் வழக்குகளிலும் மேலே தேய்த்து ஒளிபெறச் செய்தல் என்னும் கருத்து அடங்கியிருத்தல் காண்க. சாணை பிடித்தல் சுழலும் வட்டக் கல்லில் கருவியைப் பிடித்துக் கூராக்குதலுக்குச் சிறப்பாக வழங்குவது. சாணை என்னும் சொல்லை வடமொழியின் சாண என்பதனோடு சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி இயைத்துக் காட்டும்.

இனி, ஒரு பழமொழியை நோக்குவாம். உதவியவனுக்கே தீங்கு செய்பவனை, ‘தீட்டிய மரத்திலேயே கூர் பார்க்கிறான்’ என்று உலகோர் பழிப்பர். கல்லிலே தீட்டுவதை மட்டும் கண்டோர்க்கு இப்பழமொழியில் மரம் ஏன் வந்தது என்பது விளங்காது. முற்காலத்தில் தீட்டுதற்குரிய கருவிகளுள் மரப்பலகையும் ஒன்று. பனையேறும் தொழிலாளர் பாளை சீவும் அரிவாளைப் பலகையொன்றன்மேல் வெங்கச்சங்கல்லின் பொடியைத் தூவித் தீட்டுவர். பலகை தாங்குவது மட்டுமே செய்யும். இரும்பைத் தேய்ப்பது பொடி. எனவே, கூராக்குவது பரப்பன்று, அப்பரப்பில் தங்கிய மணியே என்னும் உண்மை இப்பழமொழிக்கு அடிப்படையாய் நிற்கின்றது. சாணைக்கல் தெரிவின் முதற்பாடமும் இதுவே.

தெரிவுக்குரிய மூன்று தன்மைகள்

கத்திக்குக் கல் தெரிவோன் நோக்க வேண்டுவன மூன்று: மணியின் கடினம், மணியின் அளவு, மணிகளைப் பிணித்து நிற்கும் பிணிப்பு.

முதலாவது கடினம். ஒரு பொருளைத் தேய்ப்பது அதனினும் கடிய பொருளாதல் வேண்டும். செருமானிய அறிஞர் பிரெடரிக் மோசு 1812இல் வகுத்த கடின அளவையில் வெங்கச்சங்கல்லாகிய குவார்ட்சு 7, குருந்தம் 9, வைரம் 10 என்னும் இடங்களைப் பெறும். நன்கு பதமிட்ட எஃகு 7ஐ நெருங்குவது. ஆகவே மெல்லிய இரும்பாலாகிய அரிவாளுக்கு வெங்கச்சங்கல் பொடி போதும். எஃகு வாய் பெய்த கத்திக்கு அது விரைவில் தோற்கும். அரம் அதனினும் விரைவில் தோற்கும். திருக்குறளில் அரம் உவமையாக வருதல் அறிவோம். இரும்பைத் தேய்க்கும் அவ்வரமும் இரும்பே. தன்னை ஒத்த கடினமுள்ள எஃகின்மேல் அது பற்றாது வழுக்கும். எனவே, எஃகை ஆக்கத் தெரிந்த நாட்டில் அதனைக் கூராக்கும் கடிய கல்லைத் தேடுதல் இன்றியமையாததாயிற்று.

இரண்டாவது அளவு. பருமணி விரைந்து தேய்க்கும். ஆழ்ந்த கீறல்களையும் விட்டுச்செல்லும். நுண்மணி மெல்லத் தேய்த்து அக்கீறல்களை நீக்கும். வாய் உடைந்த கத்தியை நுண்கல்லில் இட்டால் நாள் முழுதும் தேய்த்தாலும் பயனில்லை; நாவிதர் கத்தியைப் பருங்கல்லில் இட்டால் அது மழிக்காது, கிழிக்கும். ஆதலின் பருங்கல்லில் தொடங்கி நுண்கல்லில் முடித்தலும், மழிகத்தியாயின் இறுதியில் தோல்வாரில் இழுத்தலும் மரபாயின. இன்று கடையில் விற்கும் கல்லின் ஒரு முகம் சொரசொரப்பாகவும் மறுமுகம் வழவழப்பாகவும் இருத்தல் இம்மரபின் தொடர்ச்சியே. கல்லின்மேற் பொறித்த எண் மணியின் நுண்மையைக் குறிக்கும். பருமணிகளைச் சல்லடையில் ஓரங்குல நீளத்தில் அமைந்த கண்களின் எண்ணிக்கை கொண்டு வகைப்படுத்திய முறையில் எழுந்தமையின், எண் பெருகப் பெருக மணி சிறுத்துவரும்.

மூன்றாவது பிணிப்பு. தேய்ந்து முனை மழுங்கிய மணி உதிர்ந்தாலன்றி அடியிலுள்ள புதுமணி வெளிப்படாது. பிணிப்பு மிகவும் இறுகிய கல், மழுங்கிய மணிகளை விடாது பற்றிக்கொண்டு கண்ணாடிபோல் வழுவழுத்துவிடும். பிணிப்புத் தளர்ந்த கல் விரைந்து தேய்ந்து குழிவிழும். கல்லின்மேல் நீரோ எண்ணெயோ இடுவது, உதிர்ந்த துகள் கல்லின் துளைகளை அடைக்காமல் அகற்றுதற்பொருட்டாம்.

பழஞ்சான்றுகள்

தேய்த்துக் கூராக்கும் தொழில் இரும்பினும் பழையது. புதிய கற்காலத்து மக்கள் கற்கோடரிகளைப் பாறையில் தேய்த்தே வழவழப்பாக்கினர். இன்றைய திருப்பத்தூர் மாவட்டத்துப் பையம்பள்ளியில் 1960களில் நடந்த அகழாய்வு இத்தகைய கோடரிகளை வெளிக்கொணர்ந்தது. சேர்வராயன் மலைப்பகுதியிலும் இவை கிடைத்துள்ளன. கோயில்களில் வைத்து வழிபடப்பெற்றனவும் உள. வெட்டும் கருவி ஒன்று, அதனைத் தேய்க்கும் கல் ஒன்று என்னும் இணை அக்காலத்தே தோன்றிவிட்டது.

சங்க காலத்தில் அவ்விணை இரும்போடு தொடர்ந்தது. புறநானூற்று 95ஆம் பாட்டில் ஔவையார் தொண்டைமானின் படைக்கலங்களையும் அதியமானின் படைக்கலங்களையும் ஒப்பிடுகின்றார். முன்னவை பீலியும் மாலையும் சூடி, நெய் பூசப்பெற்றுக் காவலில் இருந்தன. பின்னவை பகைவரைக் குத்தி நுனி சிதைந்து கொல்லன் பட்டறையிற் கிடந்தன. பழிப்பது போலப் புகழ்ந்த இப்பாட்டின் நயம் பலரும் அறிந்ததே. கருவி வரலாற்றை நோக்குவார்க்கு இதனுள் வேறொரு செய்தியும் உண்டு. படைக்கலம் ஒருமுறை ஆக்கி முடிவதன்று. பயன்படுந்தோறும் சிதைந்து, சிதையுந்தோறும் பட்டறைக்கு மீள்வது. ஆதலின் கூர்மீட்டல் சங்ககாலக் கொல்லனின் நாட்கடனாயிருந்தது என்பது பெறப்படும்.

பதிற்றுப்பத்தின் 67, 74ஆம் பாடல்களில் கொடுமணம் என்னும் ஊர் அணிகலன்களுக்குப் பெயர்பெற்றதாகச் சுட்டப்படுகின்றது. ஈரோடு மாவட்டத்துக் கொடுமணலே அவ்வூர் என அறிஞர் கொள்வர். அங்குத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் 1985 முதல் நடத்திய அகழாய்வில் இரும்பு உருக்கிய உலைகளும், நீலம், பெரில், குவார்ட்சு முதலிய கற்களால் மணி செய்தமைக்கான சான்றுகளும் கிடைத்தன. பெரிலின் கடினம் 7½ முதல் 8 வரை. வெங்கச்சங்கல் பொடி அதனைத் தேய்க்காது. நீலமோ குருந்தத்தின் வண்ண வகையே. அதன் கடினம் 9. ஆகவே இத்தகைய கற்களை மணியாக்கிய ஊரில் குருந்தமோ வைரமோ தேய்பொருளாக வழங்கியிருத்தல் வேண்டும் எனக் கருதுதல் பொருத்தமாகும். இது பொருளின் தன்மை கொண்டு உய்த்துணர்வதேயன்றி நேர்ச்சான்று அன்று என்பதையும் உடன் கூறுதல் கடமையாம்.

வயலிற் கிடைத்த கல்

குருந்தம் அலுமினியமும் உயிர்வளியும் சேர்ந்த கனிமம். கொங்குநாட்டிலும் பழைய சேலம் மாவட்டப் பகுதிகளிலும் இது கிடைப்பது. இன்றைய நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டிப் பாறைகளில் இது பொதிந்திருத்தலை நிலநூலார் விரிவாக ஆராய்ந்துள்ளனர். பாறை சிதைந்து மண்ணாகும்போது குருந்தம் சிதையாது நிற்கும். மழை மண்ணை அரித்துச் செல்ல, உழுத வயலில் அது தனித்து வெளிப்படும்.

வயலிற் கிடக்கும் பல கற்களுள் இதனைத் தெரிதற்கு ஆய்வுக்கூடம் வேண்டுவதில்லை. மூன்று அடையாளங்கள் போதும். பீப்பாய் போல நடுப்பருத்த ஆறுபட்டை வடிவம் ஒன்று. கனம் மற்றொன்று, குருந்தம் நீரைப்போல நான்கு மடங்கு எடையுள்ளது, வெங்கச்சங்கல் இரண்டரை மடங்கினும் சிறிதே மிக்கது. ஆதலின் ஒரே பருமனுள்ள இரு கற்களைக் கையில் ஏந்திய அளவிலேயே வேறுபாடு விளங்கும். வெங்கச்சங்கல்லின்மேல் கீறினால் அதன்மேற் கோடு விழுதல் மூன்றாவது அடையாளம். தமிழ் உழவன் கைகளே இக்கல்லுக்கு முதல் அளவுகோலாய் இருந்தன.

இவ்வாறு பொறுக்கிய கல்லை இடித்துச் சலித்து, உருக்கிய அரக்கிற் கலந்து வட்டமாக வார்த்தனர். அச்சிற் கோத்த அவ்வட்டத்தை ஒருவர் வாரால் மாறிமாறி இழுத்துச் சுழற்ற, மற்றொருவர் கத்தியைப் பிடிப்பார். மணிகளைப் பிணிக்க அரக்கைத் தெரிந்தமை நோக்கத்தக்கது. கூர்முனை மிகையாகச் சூடேறின் எஃகின் பதம் கெடும்; ஏறத்தாழ 200 பாகைச் செல்சியசுக்குமேல் அஃது இளகத் தொடங்கும். அரக்கோ 80 பாகைக்குள்ளாகவே இளகிவிடும். எனவே, கத்தி கெடுமுன் சாணை இளகித் தொழிலாளியை எச்சரிக்கும். இக்காலத்து மின்விசைச் சக்கரத்தில் இவ்வெச்சரிக்கை இல்லை. முனை நீலம் பாய்ந்த பின்னரே கேடு தெரியவரும். தேய்ந்த அரக்குச் சாணையை உருக்கி மீண்டும் வார்க்கலாம் என்பது பிறிதொரு பயன்.

பெயரின் பயணம்

குருந்தம் என்றவுடன் தமிழ் மாணாக்கர்க்கு முதலில் நினைவு வருவது மரமே. முல்லை நிலத்துக் குருந்தும், திருப்பெருந்துறையில் மணிவாசகர் வரலாற்றோடு இணைந்த குருந்த மரமும் இலக்கியத்தால் நிலைபெற்றவை. கல்லாகிய குருந்தம் பட்டறையில் வாழ்ந்தது. புலவர் நாவில் ஏறவில்லை. ஆயினும் கடல்கடந்தது மரத்தின் பெயரன்று, கல்லின் பெயரே.

ஐரோப்பிய ஏடுகளில் இப்பெயரை முன்னரே பதிந்தவர் ஆங்கில இயற்கை நூலறிஞர் சான் உட்வர்டு. 1720களின் இறுதியில் வெளிவந்த அவருடைய கற்பொருள் அட்டவணையில் இந்தியாவிலிருந்து வந்த இருவகைக் கற்கள் குறிக்கப்பட்டுள்ளன. ஒன்று ‘நெல்லா கொரிவிந்தம்’. அது நெல் விளையும் வயல்களில் உள்ளது, வயலெலிகள் அதனை வெளித்தள்ளும், இரும்பை மெருகிட அது பயன்படும் என்பன அவர் தரும் செய்திகள். மற்றொன்று சென்னைப் புனித சார்ச்சு கோட்டையிலிருந்து சென்றது. ‘தெல்லா’ என்னும் அடைமொழியோடு கூடியது. மாணிக்கத்தையும் வைரத்தையும் மெருகிடப் பயன்படுவது.

நெல்வயல் என்னும் குறிப்பைக் கண்டு, நெல்லா என்பது தமிழ் நெல்லே என்று கொள்ள நம் உள்ளம் விழையும். அது பொருந்தாது. தெல்ல என்பது தெலுங்கில் வெண்மை. நல்ல என்பது கருமை. இரண்டையும் இணைத்து நோக்கின், கருங்குருவிந்தம், வெண்குருவிந்தம் என்னும் தெலுங்கு வழக்கே உட்வர்டை எட்டியது என்பது தெளிவாம். உண்மையை ஒப்புதலால் தமிழுக்கு இழுக்கில்லை.

அடுத்த நிலை 1798இல் நேர்ந்தது. அவ்வாண்டு சார்லசு கிரெவில் என்பார் ஆசியாவிலிருந்து வந்த இக்கல்லைப் பற்றி இலண்டன் அரச கழகத்தின் ஆய்விதழில் நீண்ட கட்டுரை ஒன்று வெளியிட்டார். அதன் தலைப்பிலேயே ‘கொரண்டம்’ என்னும் வடிவம் நின்றது. அறிவியல் உலகில் நிலைத்ததும் அதுவே. தெலுங்கு வடிவம் குருவிந்தம். வடமொழியில் மாணிக்கத்தைக் குறிப்பது குருவிந்த. தமிழ் வடிவம் குருந்தம். நிலைத்த பெயரில் ‘வி’ என்னும் எழுத்து இல்லை. ஆதலின் ஆங்கிலச் சொற்பிறப்பு அகராதிகள் இச்சொல்லைத் தமிழிலிருந்து பெறப்பட்டதாகக் காட்டி, தெலுங்கு, வடமொழி வடிவங்களை உடன் ஒப்புநோக்குகின்றன. மூன்று மொழிகளும் உறவாடிய நிலத்தில் பிறந்த பெயர், தமிழ்த் தொழிலாளர் சுருக்கி வழங்கிய வடிவிலேயே உலகை அடைந்தது என்று கூறுதல் சான்றுக்கு இயைந்ததாகும்.

மாணிக்கமும் சாணையும்

1802இல் பிரெஞ்சு அறிஞர் பூர்னோன் மற்றோர் உண்மையை நிலைநாட்டினார். கீழ்நாட்டு மாணிக்கமும் நீலமும் சாணைக்குரிய குருந்தமும் படிக அமைப்பால் ஒரே கனிமத்தின் வகைகள் என்பதே அது. குரோமியம் சிறிது கலந்தால் மாணிக்கம்; இரும்பும் தைத்தானியமும் சிறிது கலந்தால் நீலம்; ஒளிபுகாது மங்கி நின்றால் சாணைப்பொருள் என்பது இன்றைய விளக்கம்.

இதனைத் தமிழ் நூல்களோடு வைத்து நோக்குக. சிலப்பதிகாரம் ஊர்காண் காதையில் மதுரை மணிக்கடைகளிலிருந்த மாணிக்க வகைகளுள் விந்தம் என்பதொன்று கூறப்படுகின்றது. உரைகாரர் அதனைக் குருவிந்தம் என்பர். கண்ணகியின் சிலம்பிலிட்ட மணிக்கும், கொல்லன் சாணையிலிடும் கல்லுக்கும் உறவுடைய பெயர்களே வழங்கியிருக்கின்றன. நம் முன்னோர் வேதியியல் கண்டனர் என்று இதனால் முழங்குதல் தகாது. மணிகளைச் சாணையிலிட்டுத் தேய்த்த கைகள், இரண்டும் ஒரே வகைக் கடினமுடையன என்பதைத் தொழிலால் உணர்ந்திருத்தல் கூடும். அவ்வுணர்வு பெயரில் எஞ்சியது என்ற அளவில் நிறுத்துதலே ஆராய்ச்சி நெறி.

மீண்டு வந்த பெயர்

1891இல் அமெரிக்காவில் எட்வர்டு ஆச்சிசன் களிமண்ணையும் கரித்தூளையும் மின்னுலையில் காய்ச்சியபோது ஒளிவிடும் கடிய படிகங்கள் தோன்றின. கரியும் குருந்தமும் கூடிய பொருள் எனக் கருதி அவர் அதற்குக் ‘கார்போரண்டம்’ எனப் பெயரிட்டார். உண்மையில் அது சிலிக்கனும் கரியும் சேர்ந்தது. குருந்தம் அதில் இல்லை. பிழையாற் பிறந்த பெயராயினும் அது நிலைத்துவிட்டது. அந்நூற்றாண்டின் இறுதியளவில் பாக்சைட்டை மின்னுலையில் உருக்கிச் செயற்கைக் குருந்தமும் ஆக்கத் தொடங்கினர். வயலிற் பொறுக்கிய கல்லின் வாணிகம் அதன்பின் மெலிந்தது. அளவொத்த மணியும் விருப்பம்போல் அமைக்கும் பிணிப்பும் ஆலைக்கல்லின் வலிமை. அதனைக் குறைத்துக் கூறுதல் நடுநிலையாகாது.

1954இல் அமெரிக்கக் கார்போரண்டம் நிறுவனமும், பிரித்தானிய நிறுவனமொன்றும், முருகப்பா குழுமமும் கூடிச் சென்னையில் கார்போரண்டம் யுனிவர்சல் என்னும் தேய்பொருள் நிறுவனத்தைத் தொடங்கின. கொங்கு வயலிற் பிறந்த பெயர் இலண்டன் சென்று இலத்தீன் ஒலிபெற்று, அமெரிக்காவிற் கரியோடு கூடித் திரிந்து, திருவொற்றியூர் ஆலையின் வாயிற்பலகையில் வந்து நின்றது. அவ்வாயிலைக் கடந்து செல்லும் தமிழருள் அப்பெயரைத் தம் சொல் என்று அறிந்தோர் எத்துணையர்!

முடிபு

இதுகாறும் கூறியவற்றால் பின்வருவன பெறப்படும். சாணைக்கல் தெரிவு என்பது கடினம், அளவு, பிணிப்பு என்னும் மூன்றையும் கத்தியின் பதத்தோடு பொருத்திக் காண்பது. தமிழ் நிலத்துத் தொழிலாளர் இதனைப் பலகை, பொடி, அரக்குச் சாணை ஆகியவற்றின்வழிச் செயலில் அறிந்திருந்தனர். குருந்தம் என்னும் பெயரை உலகுக்கு அளித்தது புலவர் வழக்கன்று, தொழிலாளர் வழக்கே. அப்பெயரின் வரலாற்றில் தெலுங்குக்கும் வடமொழிக்கும் உரிய பங்கை மறைத்தல் வேண்டுவதில்லை. தமிழின் பங்கு மறைக்க இயலாதது.

தெருத்தெருவாகச் சாணை பிடிக்க வருவோர் அருகி வருகின்றனர். அவர்தம் சக்கரத்தின் உறுப்புகளுக்கும், கல்லின் தரங்களுக்கும், கத்திவாயின் நிலைகளுக்கும் அவர்கள் வழங்கும் பெயர்கள் நம் அகராதிகளில் முழுமையாக ஏறவில்லை. ஒரு பட்டறைச் சொல் உலக அறிவியலின் சொல்லானதை அறிந்த பின்னரும், எஞ்சிய பட்டறைச் சொற்களை இழிவழக்கென்று ஒதுக்குவோமாயின், அது புலமையாகாது. பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகள் தம் மாணாக்கரை ஏட்டுச்சுவடிகளைத் தேடி அனுப்புதல் போலவே, சாணைக்காரர் முன்னும் கொல்லர் முன்னும் குறிப்பேட்டோடு அனுப்புதல் வேண்டும். ஏட்டிலுள்ள சொல் செல்லரிக்கும் வரையேனும் காத்திருக்கும். நாவிலுள்ள சொல் அந்நாவுடையார் மறையும் நாளிலேயே மறைந்துவிடும்.